இப்போது யாருடைய முறை?

லாஸ் ஏஞ்சலிஸில், அயர்லாந்து ஒலிம்பிக் குழுவின் அலுவலகத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. அழைப்பவர் ஒரு விளையாட்டு வீரரின் தந்தை. மகனுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும் என்கிறார். அலுவலர் மகனின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொள்கிறார், சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு ஒரு கணினியோடு இணைப்பு கொடுக்கிறார். பேசி முடித்துத் தொலைபேசியை வைத்தால் போதும், சேதி மகனுக்குப் போய்விடும் என்று கணினியின் குரல் சொல்கிறது. அம்மாவும் தானும் அவன் வெற்றிக்காக ஆவலோடு இருப்பதாக அவர் பேசுகிறார். வைத்துவிடுகிறார்.

இப்படி ஓர் அழைப்பு அப்போது வரவில்லை. நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐபிஎம் ஆய்வகத்தில், நாடக வசனம்போலத் தாளில் எழுதிவைத்த உரையாடல் இது. 1984 ஒலிம்பிக்கில் வீரர்கள் ஒருவருக்கொருவர் குரல் சேதி அனுப்பவும், வீட்டார் அனுப்புவதைக் கேட்கவும் ஒரு கணினி அமைப்பு வேண்டியிருந்தது. ஜான் கூல்ட் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். நிரல் எழுதுவதற்கு முன்பே, யார் எதைச் சொல்வார், எந்திரம் என்ன பதில் தரும், அதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வார் என்று வரிவரியாக எழுதிப் பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள்.

ஊடாட்ட வடிவமைப்பைக் கற்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம், ஊடாட்டம் நேரத்தில் நடக்கிற ஒன்று. ஒருவர் ஒன்றைச் செய்கிறார், கருவி பதில் தருகிறது, அந்தப் பதிலைப் பார்த்து அவர் அடுத்ததைச் செய்கிறார். திரையை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது அந்தத் தொடரின் ஒரு கணம்தான். தொடக்கத்தில் மாணவர்கள் திரைகளை வரைகிறார்கள், நிறம் தேர்கிறார்கள், எழுத்துரு பார்க்கிறார்கள். ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது வெற்றிடமாகவே கிடக்கிறது. வசனமாக எழுதினால் அந்த வெற்றிடத்தை மறைக்க முடியாது.

அயர்லாந்துத் தந்தையின் வசனத்தையே பாருங்கள். அவர் ஒரு பொத்தானையும் அழுத்துவதில்லை. பெயரைத் தேடும் வேலை முழுக்க அலுவலருடையது. உலகின் எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் அழைப்பு வரலாம், அழைப்பவர் வீட்டில் இருப்பது சுழற்றும் தொலைபேசியாக இருக்கலாம், எந்திரத்தோடு பேசிய அனுபவம் அவருக்கு இல்லாமல் இருக்கலாம். அவருக்கு மிஞ்சுவது இரண்டே செயல்கள்: பேசுவது, வைப்பது. வைப்பது எல்லோருக்கும் தெரிந்த செயல், அதையே ‘அனுப்பு’ என்ற கட்டளையாக ஆக்கிவிட்டார்கள். வீரருக்கு வேறு வழி: நாட்டின் மூன்றெழுத்துக் குறி, குடும்பப் பெயர், கடவுச்சொல் என்று பொத்தான்களில் தட்டிச் சேதியைக் கேட்கலாம். அமைப்பு ஒன்றுதான், ஆட்கள் இரு வகை, ஆகவே வசனங்களும் இரண்டு.

இப்படிப் பொத்தான் தட்டும் அமைப்பில், செவிக்குத் தரும் தேர்வுப் பட்டியலில் இன்னொரு சிக்கல் உண்டு. திரையில் இருப்பது நிற்கும். காதில் விழுந்தது போய்விடும். ஆறு தேர்வுகளை வாசித்தால், ஆறாவது வரும்போது இரண்டாவது மறந்திருக்கும். எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பயனைப் பிறகு சொன்னால், ‘இது எனக்குத் தேவையா’ என்று தெரியும்வரை அந்த எண்ணை நினைவில் சுமக்க வேண்டும். பயன் முதலில், எண் பிறகு என்பது இன்று குரல்வழிச் சேவைகளை வடிவமைப்பவர்களின் அடிப்படை விதி. தமிழில் இது தானாகவே அமைந்துவிடுகிறது: ‘சேதியைக் கேட்க ஒன்றை அழுத்தவும்’ என்றுதான் நாம் இயல்பாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் எழுதி அப்படியே மொழிபெயர்க்கும் நிறுவனங்கள் கையில் இருக்கும் இந்த வசதியைச் சில நேரம் இழந்துவிடுகின்றன.

வசனத்துக்குப் பிறகு கூல்ட் குழு செய்தவை எல்லாம் இன்று வகுப்பில் சொல்லித்தரும் முறைகள். வீரர்கள் பார்க்கப்போகும் சாவடிக்கு, உள்ளே ஒன்றுமில்லாத உருளை வடிவ மாதிரி ஒன்றைச் செய்து ஆய்வக நடைவழியில் நிறுத்தினார்கள். போகிற வருகிறவர்கள் நின்று குறை சொன்னார்கள். பயனர் கையேட்டை, பயன்படுத்த அமைப்பே தயாராகாத கட்டத்திலேயே எழுதித் திருத்தத் தொடங்கினார்கள். மாணவர்களைக் கூப்பிட்டு, முடிந்தால் இதை உடைத்துக் காட்டுங்கள் என்றார்கள். ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த போட்டியில் வெளிநாட்டு வீரர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்த அமைப்பு 12 மொழிகளில் இயங்கியது. ஒலிம்பிக் கிராமங்கள் திறந்திருந்த நான்கு வாரங்களில் 40,000 முறைக்கு மேல் பயன்பட்டது. வீட்டுத் தொலைபேசி இணைப்புக்கே நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985-ல் எழுதிய கட்டுரை மூன்று விதிகளைச் சொல்கிறது. பயன்படுத்தப்போகும் ஆட்களைத் தொடக்கத்திலேயே நேரில் பார். அவர்கள் உண்மையில் செய்வதை அளந்து பார். திருத்து, மறுபடி பார். கேட்டால் யாரும் ‘இது தெரிந்ததுதானே’ என்பார்கள். ஆனால் ஒரு அமைப்பை உருவாக்கும் படிகளை எழுதிக் கொடுங்கள் என்று வடிவமைப்பாளர்களிடம் இவர்கள் கேட்டபோது, மூன்றையும் குறிப்பிட்டவர்கள் மிகச் சிலர். தெரிந்திருப்பது வேறு, பழக்கமாவது வேறு.

இன்னும் உருவாகாத எந்திரத்தையும் சோதிக்கலாம் என்பதைக் கூல்ட் குழு அதற்கு முன்பே காட்டியிருந்தது. பேசினால் தானாகத் தட்டச்சு செய்யும் எந்திரம் வந்தால் மக்கள் அதில் கடிதம் எழுதுவார்களா? அன்றைய கணினிகளுக்கு அந்தத் திறன் இல்லை. பக்கத்து அறையில் ஒரு தட்டச்சரை உட்காரவைத்தார்கள். மைக்கில் பேசியவரின் சொற்களை அவர் தட்ட, எந்திரத்தின் சொற்பட்டியலில் இருந்தவை மட்டும் திரையில் வந்தன. இல்லாத சொல்லுக்கு எக்ஸ் குறிகள் வந்தன. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டிய வடிவத்திலும் மக்கள் கடிதம் எழுதினார்கள். 1983-ல் வெளிவந்த இந்த ஆய்வை நான் ஒரு வழிகாட்டியாகவே பார்க்கிறேன். கருவி தயாரான பிறகுதான் சோதனை என்று காத்திருக்கும் மாணவருக்கு, ஒரு நண்பரும் ஒரு திரைச்சீலையும் போதும்.

சோதனையில் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வேறோர் இடத்திலிருந்து விடை வந்தது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் மானிடவியலாளராக இருந்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளம்பரமான நகல் எந்திரம் மிகச் சிக்கலானது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். இரண்டு பேர் அதனோடு மல்லுக்கட்டுவதைச் சச்மன் படம்பிடித்தார். அவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவின் முன்னோடி, 1975-ல் டூரிங் விருது பெற்றவர். இருபுறமும் நகலெடுக்கத் திணறினார். அவர் திணறினால் குறை ஆளிடம் இல்லை என்பதை அந்தப் படத்தைப் பார்த்த எந்த மேலாளரும் மறுக்க முடியாது.

பிறகு, நகல் எந்திரத்தோடு இணைந்த உதவி அமைப்பு ஒன்றை முதல்முறையாகப் பயன்படுத்துகிறவர்களை இருவர் இருவராக உட்காரவைத்துப் பதிவு செய்தார். தனியாக இருப்பவர் மனதுக்குள் நினைப்பதை, இருவராக இருக்கும்போது பேசிக்கொள்வார்கள். அந்தப் பதிவை ஆராயத் தாளை நான்கு பத்திகளாகப் பிரித்தார். பயனர் செய்வதில் எந்திரத்துக்குத் தெரியாதவை முதல் பத்தி, தெரிபவை இரண்டாவது, எந்திரம் செய்வதில் பயனருக்குத் தெரிபவை மூன்றாவது, அப்படிச் செய்யவைத்த வடிவமைப்புக் காரணம் நான்காவது. 1987-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது கண்ணில் அறைவது, முதல் பத்தி எவ்வளவு நிறைந்திருக்கிறது, இரண்டாவது எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதுதான். பயனர்கள் வாசிக்கிறார்கள், தயங்குகிறார்கள், தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் திருத்துகிறார்கள். எந்திரத்துக்கோ ஒரு பொத்தான் அழுந்தியது, ஒரு மூடி திறந்தது என்பது மட்டுமே எட்டுகிறது. அந்த ஒன்றிரண்டு தடயங்களை வைத்துப் பயனர் இந்தப் படியில்தான் இருக்கிறார் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. இப்போது தன் முறையா, எந்திரத்தின் முறையா என்பதே பயனருக்குத் தெரியாமல் போகும் இடங்கள் அங்கேதான் உண்டாகின்றன.

குரல் சேதிக்குத் திரும்புவோம். 1992-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் டரல் பிஷப் என்ற மாணவர் ஒரு பதில்பேசி எந்திரத்தைக் கற்பனை செய்தார். சேதி வந்தால் ஒரு கோலிக்குண்டு வெளியே உருண்டு வரும். எத்தனை குண்டோ அத்தனை சேதி. ஒன்றை எடுத்து எந்திரத்தில் இருக்கும் குழியில் வைத்தால் அந்தச் சேதி ஒலிக்கும். தொலைபேசியின் மேல் வைத்தால், அழைத்தவருக்கே அழைப்பு போகும். சேதி அண்ணனுக்கு என்றால் குண்டை அண்ணனின் கிண்ணத்தில் போட்டுவிடலாம். பட்டியல் இல்லை, எண் இல்லை, மனப்பாடம் இல்லை. கடைக்கு வராத ஒரு மாணவர் படைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்புகளில் பேசப்படுவது, ‘எந்திரத்தின் நிலை என்ன’ என்ற கேள்விக்கு அது கண்ணாலும் கையாலும் பதில் சொன்னதால்தான்.

இன்று அந்தச் சேதி நம் பெருவிரலுக்கு அடியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்தால் பதிவாகிறது, விட்டால் போய்விடுகிறது, பிடித்தபடியே ஒரு பக்கம் இழுத்தால் ரத்தாகிறது. தமிழ் படிக்கத் தெரிந்தும் தட்டத் தயங்கும் எத்தனையோ பெரியவர்கள் இதன்வழிதான் பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார்கள். இந்த ஒரு பொத்தானுக்குள் பெரிய அறிவியல் இருக்கிறது.

முதலில் குறிபார்ப்பது. பால் ஃபிட்ஸ் 1954-ல் வெளியிட்ட விதிப்படி, விரல் ஒரு இலக்கைத் தொட எடுக்கும் நேரம் தூரத்துக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது, அதுவும் மடக்கைக் கணக்கில். தூரத்தையும் அகலத்தையும் ஒருசேர இரட்டித்தால் நேரம் மாறாது. தூரத்தில் இருக்கும் பொத்தான் பெரிதாக இருந்தாக வேண்டும், சிறிய பொத்தான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். 1978-ல் ஸ்டூவர்ட் கார்டும் கூட்டாளிகளும் மவுஸை இந்த விதியால் அளந்து, அதன் வேகத்துக்கு எல்லை கட்டுவது கருவியல்ல, மனிதனின் கண்ணும் கையும்தான் என்று காட்டினார்கள். மைக் பொத்தான் திரையின் கீழ் மூலையில், பெருவிரல் ஓய்வாகக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்தது பிடித்திருத்தல். ஒரு முறை தட்டினால் பதிவு தொடங்கும், மறுமுறை தட்டினால் நிற்கும் என்று வைத்திருந்தால், தொடங்கியதை மறந்து வீட்டுப் பேச்சையெல்லாம் பதிவு செய்துவிடும் ஆபத்து உண்டு. கருவி ஒரு நிலையில் இருக்க ஆள் அதை வேறு நிலையில் இருப்பதாக நினைப்பதால் வரும் இந்தப் பிழையை அபிகெயில் செல்லனும் கூட்டாளிகளும் 1992-ல் ஆராய்ந்தார்கள். எழுதும் மென்பொருளில் நிலையை மாற்ற விசையைத் தட்டியவர்களைவிட, காலால் ஒரு மிதியை அழுத்திப் பிடித்திருந்தவர்கள் குறைவாகவே பிழை செய்தார்கள். அழுத்திக்கொண்டிருக்கும் தசை, ‘நீ இந்த நிலையில் இருக்கிறாய்’ என்று இடைவிடாமல் மூளைக்குச் சொல்கிறது. மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் தன் புத்தகத்தில் வலியுறுத்தியதும் இதையே.

ஆனால் ஐந்து நிமிடம் பேசுகிறவர் எவ்வளவு நேரம் பிடித்திருப்பார்? அதற்காக மேலே தள்ளிப் பூட்டும் வசதி வந்தது. பூட்டியதும் தசையின் நினைவூட்டல் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் திரையில் நொடி ஓடுகிறது, ஒலியலை அசைகிறது, குப்பைத்தொட்டிப் படம் வருகிறது. ஒரு வசதியைச் சேர்த்தால் எந்தத் தகவல் காணாமல் போகிறது, அதை எங்கே திருப்பித் தருவது என்று கேட்கக் கற்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. அந்தத் திருப்பித் தருதலுக்கும் காலக்கெடு உண்டு. பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் நாமே செய்ததுபோல் இருக்கிறது. ஒரு நொடி தாண்டினால் எண்ணம் அறுபடுகிறது. பத்து நொடி போனால் மனம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இதே குரல் சேதியைத் தாளில் செய்து பார்ப்பது. திரையின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தாள்: சும்மா இருக்கும்போது, பதிவாகும்போது, பூட்டியபோது, ரத்தானபோது, அனுப்ப இணையம் இல்லாதபோது. கடைசித் தாளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நண்பர் ஒருவர் கணினியாக உட்கார்ந்து, விரல் படுவதற்கு ஏற்பத் தாளை மாற்றட்டும். பயனராக வரும் பாட்டியிடம், “அண்ணனுக்கு ஒரு சேதி அனுப்புங்க பாட்டி” என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பொத்தான் என்று சொல்லக் கூடாது. பாட்டி தேடும்போது வாய் பரபரக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். “இதைத் தொட்டா போயிடுமாடா?” என்று அவர் கேட்டால், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். பக்கத்தில் சச்மனின் நான்கு பத்திகள் இருக்கட்டும். பாட்டியின் விரல் காற்றில் நின்ற இடமெல்லாம் முதல் பத்தியில் ஏறட்டும்.

தாள் போதாத இடமும் உண்டு. அழுத்தம், அதிர்வு, எடை, தாமதம் இவற்றைத் தாள் தராது. வட இத்தாலியின் இவ்ரியாவில் 2001-ல் தொடங்கிய ஊடாட்ட வடிவமைப்புப் பள்ளியில், மின்னணுவியல் படிக்காத மாணவர்கள் பொத்தானும் விளக்கும் உணரியும் இணைத்துத் தாங்களே பார்க்க வேண்டியிருந்தது. எர்னாண்டோ பாராகான் என்ற மாணவரின் வயரிங் திட்டமும், அதைத் தொடர்ந்து 2005-ல் ஆர்டுயினோ பலகையும் அந்தத் தேவையிலிருந்தே பிறந்தன. இன்று நம் ஊர்ப் பள்ளி ஆய்வகங்களிலும் இருக்கும் அந்த நீலப் பலகை, ஊடாட்டத்தை உணர்ந்து பார்க்க வேண்டிய மாணவர்களுக்காக வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

பெரியவர்கள் ஏன் தட்டத் தயங்குகிறார்கள் என்பதும் இதே பாடத்தின் பகுதி. தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை மொழியை நன்கு கவனித்த வடிவமைப்பு. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘க’வை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகும். ‘ந’வை அடுத்து ‘த’ வந்தால் ‘ந்த’ ஆகும். தமிழில் அடிக்கடி வரும் சேர்க்கைகளை அது முன்கூட்டியே அறிந்திருக்கிறது. பழகியவர் அதில் பறப்பார். ஆனால் பழக வேண்டும். ஆங்கில ஒலிப்பில் தட்டும் முறை மெதுவானது, இருந்தும் முதல் நாளே வேலைக்கு ஆகிறது, அதனால் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆங்கில எழுத்தும் வராதவருக்கு மைக் மட்டுமே மிச்சம். நல்ல வடிவமைப்பு எது என்பதை முதல் நாளில் அளப்பதா, நூறாவது நாளில் அளப்பதா? என் சாய்வு நூறாவது நாளின் பக்கம், ஆனால் முதல் நாளைத் தாண்ட ஒரு கைப்பிடி கொடுக்காத வடிவமைப்பை நான் முழுமையானதாகக் கருத மாட்டேன்.

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாம் ‘இவரால் இதைச் செய்ய முடிகிறதா’ என்று கேட்பவை. அது போதாது என்பதற்கு ஜெஃப் ராஸ்கினின் மகன் அஸா ராஸ்கினே சாட்சி. பக்கத்தின் அடியை எட்டும் முன்பே அடுத்தது தானாக வந்து சேரும் முடிவற்ற உருட்டலை 2006-ல் வடிவமைத்தவர் அவர். பயன்பாட்டுச் சோதனையில் அது தேறும். யாரும் அதில் திணறுவதில்லை. நிறுத்தி யோசிக்க இருந்த ஒரே இடத்தை அது எடுத்துவிட்டது என்று பின்னால் அவரே வெளிப்படையாக வருந்தினார்.

குரல் சேதியிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீலக் குறிகளைக் கொண்டுவந்தது. படித்தது அனுப்பியவருக்குத் தெரிவதைப் பலர் விரும்பவில்லை. விரைவிலேயே அதை அணைக்கும் வழி வந்தது. ஆனால் அதை அணைத்தாலும், குரல் சேதியைக் கேட்டுவிட்டீர்கள் என்ற அடையாளம் அனுப்பியவருக்குப் போகும். எழுத்துக்கு ஒரு நியாயம், குரலுக்கு ஒரு நியாயம் என்று யாரோ ஒரு வடிவமைப்பாளர் தேர்ந்திருக்கிறார். கேட்டுவிட்டு ஏன் பதில் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அதனால் வீடுகளில் இடம் உண்டாகிறது. சச்மனின் பட்டியல் ஒருவரும் ஒரு எந்திரமும் இருந்த காலத்தது. எந்திரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு மனிதர் இருக்கும் எந்தப் பொருளுக்கும், மாணவர்கள் அந்தத் தாளில் ஐந்தாவது பத்தி ஒன்றைப் போட வேண்டும்: இந்த நொடியில், இவர் செய்ததில், அவருக்குத் தெரிவது என்ன.